நாய்க்குக் கடிக்கக் கொடுக்கும் எலும்பும் மற்றதும்: தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர்ப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் தொடங்குகிற இடம் கறிக்கடைதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கும்போதே "நாய்க்கும் கொஞ்சம் எலும்பு போடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிவந்து வாசலில் போட்டுவிடுவார்கள். மலையேறி குமுளிக்குப் போனால் மாட்டுக்கறிக் கடையில் பெரிய தொடை எலும்பு கிடைக்கும், அதுவும் அப்படியே நாயிடம் போகும். புதிதாக நாய் வாங்கியவர்களோ பெட் ஷாப்பில் தொங்கும் வெள்ளை முடிச்சு எலும்பில் தொடங்குகிறார்கள்.

மூன்றிலும் ஒரே கோளாறு: பொருளை முதலில் வாங்கிவிட்டு, நாய் அதை என்ன செய்கிறது என்று பிறகு பார்க்கிறோம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நாயின் வாய், அடுத்து வாயில் இருப்பதைத் திரும்ப வாங்கும் பழக்கம், அதற்குப் பிறகுதான் எலும்பா, வேறு ஏதாவதா என்ற பேச்சு.

1. முதலில் வாயைப் பாருங்கள்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்குப் பால் பற்கள் 28. ஏறக்குறைய நான்காவது மாதத்திலிருந்து ஏழாவது மாதத்துக்குள் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். ஈறு ஊறல் எடுப்பதால் செருப்பு, கட்டில் கால் என்று குட்டி எதையும் விடாது. அதைப் பார்த்துவிட்டு "பல்லு முளைக்குது, ஒரு எலும்பு கொடுப்போம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் புதுப் பல் வலுவடையாத அந்தக் காலத்தில் கெட்டியான எதையும் கொடுக்கக் கூடாது. குளிர்ச்சியான, விரலால் அழுத்தினால் அமுங்குகிற பொருள் போதும்.

வளர்ந்த நாயின் உதட்டைத் தூக்கி, மேல் தாடையில் கன்னத்துக்கு நேராக உள்ள பெரிய பல்லைப் பாருங்கள். எலும்பை நொறுக்க நாய் பயன்படுத்தும் பல் அதுதான். கெட்டியான பொருளைக் கடிக்கும்போது அதிகம் உடைவதும் அதுதான். நாயின் பல்லில் உள்ள எனாமல் நம் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால் உள்ளே உள்ள நரம்புப் பகுதி திறந்துகொள்ளும், வேரில் சீழ் பிடிக்கும், சில சமயம் கண்ணுக்குக் கீழே வீங்கும். நாய் வலியைக் காட்டாது, வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். உடைந்த பல், ஆடும் பல், ஈறில் ரத்தம், பல்லில் கெட்டிப்பட்ட பழுப்புப் படிவு இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கடிக்கக் கொடுப்பது அப்புறம்.

அடுத்து, அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். பெரிய கேரட் ஒன்றை ஒரு முனையில் நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கடிக்கக் கொடுங்கள். சில நாய்கள் கொறித்துக் கொறித்து மெல்லும். சில, கடித்த துண்டை அப்படியே விழுங்கும். லாப்ரடார் பெரும்பாலும் இரண்டாவது வகை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழி ஏற்கெனவே குறுகல் என்பதால், தொண்டையில் ஏதாவது சிக்கினால் அவகாசமே இருக்காது. கோம்பை நாய்க்குத் தாடை வலு அதிகம், மென்மையான பொருளை நிமிடத்தில் துண்டாக்கிவிடும். இனத்தின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளே இரண்டு விதமாகச் சாப்பிடும்.

விழுங்குகிற நாய்க்கு எலும்பே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

2. "விடு" என்றால் விடப் பழக்குங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எலும்பு சின்னதாகிவிட்டது, வாங்க வேண்டும், ஆனால் கையை நீட்டினால் உறுமுகிறது. துரத்தினால் இருப்பதை அவசரமாக விழுங்கிவிடுகிறது. ஆபத்து எலும்பில் பாதி என்றால் இந்த அவசரத்தில் மீதி.

முதலில் நாய்க்கு அவ்வளவாக ஆசையில்லாத ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுங்கள். கையில் அவித்த முட்டைத் துண்டோ, உப்புப் போடாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழிக்கறியோ இருக்கட்டும். மூக்கருகே காட்டி "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பொம்மையை விட்டதும் கறியைக் கொடுத்து, அது தின்னும்போது பொம்மையை எடுத்து, உடனே அந்தப் பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பது ரொம்ப முக்கியம். விட்டால் போய்விடும் என்று நாய் கற்றுக்கொண்டால் அடுத்த முறை விடாது. விட்டால் இன்னும் நல்லது கிடைக்கும், இதுவும் திரும்ப வரும் என்று கற்றுக்கொள்ள வேண்டும்.

பொம்மையில் இது தயக்கமில்லாமல் நடக்கும்போது, கொஞ்சம் ஆசையுள்ள பொருளுக்குப் போங்கள். அதிலும் சரியாக வந்த பிறகுதான் எலும்பு மாதிரி பெரிய ஆசைகள். அடித்தோ, வாயைப் பிளந்தோ பிடுங்காதீர்கள். உறுமினால் திட்டவும் வேண்டாம். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும்.

குழந்தைகளை இந்தப் பயிற்சிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கடி பட்டுவிட்டால், வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் விஷயத்தில் "நம்ம நாய்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

கழுவிவிடக்கூடிய ஓர் இடம், சிமெண்ட் தரையோ பழைய பாயோ. பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே உட்காரக்கூடிய ஓர் ஆள். இரண்டு நாய் இருந்தால் இரண்டு தனி அறை. பக்கத்தில் போட்டியாளர் இருந்தால் நிதானமாக மெல்லும் நாயும் விழுங்க ஆரம்பித்துவிடும்.

எக்ஸ்ரே வசதி உள்ள கால்நடை மருத்துவமனை எது, இரவில் யார் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏலத்தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். எலும்பு சிக்கியது இரவில் தெரிந்தால் மலைப்பாதையில் இறங்கித்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் எண் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே எதையும் புதிதாகக் கொடுத்துப் பார்ப்பதைப் பகலில், மருத்துவர் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்வதோ ஞாயிற்றுக்கிழமை மதியம்.

4. எந்தப் பொருளுக்கும் நான்கு சோதனை

கடையில் வாங்கினாலும் கறிக்கடையில் கிடைத்தாலும் இந்த நான்கையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

நகம்: கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். லேசாகவாவது தடம் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அது பல்லைவிடக் கெட்டி, பல்தான் உடையும்.

முழங்கால்: அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னால் சம்மதிப்பீர்களா? யோசிக்க வேண்டி இருந்தால் நாய்க்கும் வேண்டாம்.

அளவு: முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். சின்ன நாய்க்குச் சின்ன எலும்பு என்று தேர்ந்தெடுப்பதுதான் பரவலான தவறு. கடித்துக் கடித்து வாய்க்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டால் அதோடு சரி, குப்பைக்குப் போக வேண்டியதுதான். "இன்னும் கொஞ்சம் இருக்கே" என்று விடும் அந்தக் கடைசித் துண்டுதான் தொண்டையில் நிற்கும்.

உடைசல்: ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஊசி ஊசியாகச் சிதறினால் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் போகும்.

5. கொடுக்கவே கூடாதவை

வெந்த எலும்பு. கோழி, ஆடு, மீன் எதுவானாலும் சரி. வேகும்போது எலும்பில் உள்ள ஈரமும் கொலாஜன் என்ற புரதமும் குறைந்து எலும்பு மொறுமொறுப்பாகிவிடுகிறது. பிறகு கடித்தால் நசுங்காது, கூராகப் பிளக்கும். உணவுக்குழாயைக் கிழிக்கலாம், குடலைத் துளைக்கலாம். "எங்க வீட்டு நாய் பத்து வருஷமா பிரியாணி எலும்புதான் தின்னுது" என்று சொல்வார்கள். தப்பித்த நாயை நாம் தினமும் பார்க்கிறோம், தப்பிக்காதது கண்ணில் படாமல் போய்விடுகிறது. எலும்போடு வரும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பது தனிக் கதை. வறுத்ததும் சுட்டதும் இதே கணக்குதான். பாக்கெட்டில் அடைத்து விற்கும் புகையூட்டிய எலும்பும் சூடு பட்டதுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2010 முதல் 2017 வரை இத்தகைய பாக்கெட் எலும்புகள் பற்றி ஏறத்தாழ 68 புகார்கள் வந்தன, சுமார் 15 நாய்கள் இறந்ததாக அவற்றில் சொல்லப்பட்டிருந்தது.

வளையமாக வெட்டிய நல்லி எலும்பு. நாய் மஜ்ஜையை நக்கும்போது வளையம் கீழ்த்தாடையில் நுழைந்து கோரைப் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மருத்துவர் மயக்கம் கொடுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மஜ்ஜையில் உள்ள கொழுப்பு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும்.

மான் கொம்பு. பெரியாறு வனப்பகுதி பக்கத்தில் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கடமான், புள்ளிமான் கொம்பை எடுத்துவந்து நாய்க்குப் போடுவது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நகச் சோதனையில் அது தேறவே தேறாது. மாட்டுக் குளம்பும் அப்படியே.

நம் ஊர்த் தோட்டங்களில் கிடைப்பவை. தேங்காய் மட்டையை நாய்கள் ஆசையாகப் பிய்க்கும், நார் வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். மாங்கொட்டையும், முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் குடலடைப்புக்குப் பேர்போனவை. இரண்டும் செரிக்காது, அளவும் குடலில் சரியாக மாட்டுகிற அளவு. பச்சை மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. ஏலத்தோட்டத்திலும் திராட்சைக் கொடியிலும் ஒடித்த குச்சியைக் கொடுக்காதீர்கள். குச்சி வாயில் குத்தும், மேலே மருந்தும் அடித்திருப்பார்கள். திராட்சைப் பழம் கொஞ்சம் தின்றாலே சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் என்பதால் கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பவர்கள் அறுவடைக் காலத்தில் பந்தலுக்குக் கீழே நாயை அவிழ்த்துவிடாமல் இருப்பது நல்லது.

கயிற்றுப் பொம்மையும் வேண்டாம். ஒரு நூல் போதும், குடலைச் சுருக்கி இழுத்துவிடும்.

6. பச்சை எலும்பு கொடுத்தே தீருவேன் என்றால்

மருத்துவர்களில் பெரும்பாலோர் எலும்பே வேண்டாம் என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நம் பக்கம் எலும்பு கொடுக்கிற வழக்கம் நிற்கப்போவதில்லை. கொடுப்பதென்றால் ஆபத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். குட்டி, வயதான நாய், கணையக் கோளாறு வந்த நாய், விழுங்கும் நாய் ஆகியவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தாலும் வேண்டாம்.

கடையில் மாட்டின் மூட்டு எலும்பு கேளுங்கள். முனையில் குருத்தெலும்பும் கொஞ்சம் சதையும் ஒட்டியிருக்க வேண்டும், நாயின் தலை அளவுக்கு இருக்க வேண்டும், வெட்டாமல் முழுதாகத் தரச் சொல்ல வேண்டும். கத்தி பட்ட இடத்தில் கூர் விளிம்பும் சில்லும் இருக்கும். தொடை எலும்பின் நடுத்தண்டு வேண்டாம். மாட்டின் எடையைத் தாங்கிய பகுதி அது, அதன் கெட்டித்தன்மைக்கு முன் நாய்ப் பல் நிற்காது. நாய் குருத்தெலும்பையும் சதையையும் சுரண்டித் தின்பதுதான் நமக்கு வேண்டியது. எலும்பையே உடைக்க ஆரம்பித்தால் உடனே மாற்றுப் பண்டம் காட்டி வாங்கிவிடுங்கள்.

அன்று வெட்டியதை அன்றே கொடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகாது, பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். கடித்து முடித்ததைக் கழுவி மறுநாளுக்கு எடுத்துவைக்கும் வழக்கத்தை விடுங்கள். புதைத்தால் நாயே தோண்டி எடுக்கும், வெளியே எறிந்தால் தெருநாய்கள் சண்டை போடும், பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். கையையும் தரையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று. எலும்போடு சேர்த்துக் கடைக்காரர் நுரையீரலும் ஈரல் துண்டும் போட்டுத் தருவார். அதைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் வரும் நீர்க்கட்டியில் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் புழு அதன் குடலில் வளரும், முட்டைகள் மலத்தோடு வெளியேறி நம் கை வழியாக வாய்க்குப் போனால் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வரும். நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் பயமில்லை. குடற்புழு மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, தவறாமல் கொடுத்துவாருங்கள்.

7. பெட் ஷாப்பில் வாங்கும்போது

வெள்ளை முடிச்சு எலும்பு, கலர் குச்சி எல்லாம் பெரும்பாலும் மாட்டுத் தோலின் உள்ளடுக்கு. சுண்ணாம்பு போன்ற ரசாயனங்களில் ஊறவைத்து முடி நீக்கி, காயவைத்துச் சுருட்டியது. ஒன்றை வாங்கி இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காலையில் ஊதிப்போய் வழுவழுவென்று கிடக்கும். விழுங்கிய துண்டு வயிற்றிலும் இப்படித்தான் ஊதும், செரிக்கவும் வெகுநேரம் ஆகும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இமயமலைப் பக்கத்துப் பாற்கட்டி விலை கூடியது. எருமை, பசு, யாக் பாலில் செய்தது. நாற்றமில்லை, நாய்களுக்குப் பிடிக்கும், ஆனால் சில துண்டுகள் கல் மாதிரி இருக்கும். நகச் சோதனையைக் கடையிலேயே செய்து பாருங்கள். காளையின் ஆணுறுப்பைக் காயவைத்த குச்சி மென்மையானது, செரிக்கவும் செய்யும், ஆனால் கலோரி அதிகம். ஒரு நாளைக்கான கலோரியில் இந்த மாதிரித் தின்பண்டங்கள் எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோற்றைக் குறையுங்கள்.

"பல் சுத்தமாகும்" என்று எல்லாப் பாக்கெட்டிலும் போட்டிருப்பார்கள். வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் என்ற அமைப்பு, பல் படிவைக் குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருட்களுக்கு மட்டும் முத்திரை தருகிறது. அது இருந்தால் நம்பலாம். பொருட்பட்டியலில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு) இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், நாய்க்கு அது விஷம். சர்க்கரையில்லா வேர்க்கடலை வெண்ணெயிலும் சில சமயம் அது இருக்கும்.

8. நான் முதலில் சொல்வது இதைத்தான்

காங் போன்ற, உள்ளே குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மை. நாய் வாய்க்குள் முழுதாக அடங்காத அளவு வாங்குங்கள். கரைத்த கேப்பைக்கூழோ, தாளிக்காத தயிர்ச் சோறோ, வேகவைத்த பரங்கிக்காயோ, உதிர்த்த கோழிக்கறியோ உள்ளே அடைத்து ஒரு ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். உப்பும் வெங்காயமும் வேண்டாம். காலையில் கொடுத்தால் நாய் நக்கி, கவ்வி, உருட்டி வெகுநேரம் மும்முரமாக இருக்கும். ஈறு ஊறும் குட்டிக்கு அந்தக் குளிர்ச்சியே மருந்து. எலும்பில் நாய் தேடும் வேலையும் மணமும் இதில் கிடைக்கிறது, பல்லும் குடலும் தப்பிக்கின்றன. ரப்பரில் பிளவு விழுந்தாலோ துண்டு பெயர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

செலவில்லாத வழி என்றால், கனமான கேரட்டைக் குளிரவைத்து ஒரு முனையை நீங்கள் பிடித்தபடி கொடுப்பது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை நீளவாக்கில் தடிமனாக அரிந்து அவித்து, ஈ மொய்க்காமல் துணி கட்டி, வளைகிற பதத்துக்கு வெயிலில் காயவைத்தும் கொடுக்கலாம். மொறுமொறுவென்று ஆகிவிட்டால் வேண்டாம்.

9. முதல் நாள் கொடுக்கும் முறை

பசி வெறியில் இருக்கும்போது கொடுக்காதீர்கள், விழுங்கத்தான் பார்க்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். முதல் முறை 10 நிமிடம், பிறகு "விடு" சொல்லி மாற்றுப் பண்டம் கொடுத்து வாங்கிவிடுங்கள். பழகிய பிறகும் எலும்பு என்றால் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நேரம் கூடக்கூட எலும்பு உடையும், பல் தேயும், வயிற்றில் போகும் அளவும் கூடும். வாங்கியதும் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். மேலண்ணத்தில் குறுக்காகச் சில்லு மாட்டியிருக்கலாம்.

10. கொடுத்த பிறகு கவனிக்க வேண்டியவை

இரண்டு மூன்று நாள் மலத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகமாகப் போயிருக்கிறது, அடுத்த முறை வேண்டாம். முக்கி முக்கியும் வரவில்லை, ரத்தம் தெரிகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, முன்னங்காலால் வாயைச் சுரண்டுகிறது, வயிற்றைத் தொட்டால் நெளிகிறது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மூச்சு முட்டினால் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்து விரலுக்கு எட்டினால் மட்டும் எடுங்கள், கண்மூடித்தனமாக விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடிக்கலாம். பெரிய நாய் என்றால் பின்னாலிருந்து அணைத்து, விலா எலும்புக்குக் கீழே வயிற்றை உள்ளும் மேலும் வேகமாக அழுத்துங்கள். வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், தொண்டையில் காயம் இருக்கும்.

கூர்மையானதை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். போகும்போது கிழித்தது திரும்பும்போதும் கிழிக்கும், உப்பும் தனியாகக் கெடுதல் செய்யும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. வாழைப்பழத்தோடு உருட்டிக் கொடுப்பது, விளக்கெண்ணெய் ஊற்றுவது இரண்டும் அடைப்பு இருந்தால் நிலைமையை மோசமாக்கும்.

போகும்போது மிச்சத் துண்டையோ பாக்கெட்டையோ எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, வெந்ததா பச்சையா, எவ்வளவு பெரிய துண்டு, கடைசியாக எப்போது மலம் போனது என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே கொடுத்திருந்தாலும், வெந்த எலும்பைக் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சோறோ பாலோ கொடுக்க வேண்டாம்.